குளிர்ப் பக்கம்

கடல் கறுக்கத் தொடங்கிய கிழமை
உப்புவெளியில் சுழியோடக் கற்பிக்கும் ஸில்கே
ஓட்டோவில் ஒரு மீன்தொட்டியை ஏற்றி வந்து
என் அறைக்குள் இறக்கினாள்.
வாடை முடியத் திரும்புவாளாம்.
கடிக்காது, கடித்தாலும் விஷமில்லை.
சோளப்பாம்பு என்று பெயர்.
சோளம் தின்னாது.

முதல் நாள் முழுக்க மூடியைத்தான் பார்த்திருந்தேன்.
சின்னவிரல் நுழையும் இடைவெளியில்
அதன் தலை நுழையும்.
தலை போன வழியே
மிச்சம் எல்லாம் போகும்.
நாலு மூலைக்கும் நாலு கிளிப்.
பாரத்துக்கு மேலே என் டிப்ளோமாப் புத்தகங்கள்,
கடைசியில் ஒன்றுக்கு உதவின.

கன்னியாவில் கிணறு ஏழு, சூடும் ஏழு.
ஒன்று சுட்டால் அடுத்ததில் அள்ளி ஊற்றுவோம்.
இதுவும் அப்படித்தான் கேட்கிறது:
கண்ணாடிக்குள் இரண்டு கிணறு.
ஒரு கரை முப்பது பாகை,
மறு கரை இருபத்தைந்து.
இடையில் ஊர்ந்து ஊர்ந்து
தன் இரத்தத்தைத் தானே பதம் பார்த்துக்கொள்ளும்.
இந்த அறையில் மத்தியானம்
தகரக் கூரை முழுத் தொட்டியையும்
சூட்டுப் பக்கம் ஆக்கிவிடுகிறது.
கொட்பே ஐஸ் ஆலையில் எனக்கு இரவு வேலை.
வரும்போது ஒரு போத்தல் ஐஸ்.
துவாயில் சுற்றி வெளிப்புறம் சாத்திவைக்கிறேன்.

ஒளிய ஒரு சிரட்டை போதுமென்று நினைத்தேன்.
போதாதாம். இரு கரைக்கும் ஒவ்வொன்று.
ஒன்றே என்றால்
பயத்துக்கும் குளிருக்கும் நடுவில்
அது ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும்.
அப்படித் தெரிவு செய்த சனங்களை
இந்த ஊரில் எனக்குத் தெரியும்.
உடனே இரண்டாவது தேங்காயை உடைத்தேன்.

வெள்ளிக்கிழமை
கீழ்வீட்டு மங்களேஸ்வரி அன்ரி
கிண்ணத்தில் பாலும் ஒரு முட்டையும் கொண்டுவந்தா.
தண்ணீர் மட்டும்தான் அன்ரி, என்றேன்.
சும்மா வைச்சுப் பாரன், என்றா.
பாலில் தேத்தண்ணி போட்டேன்,
முட்டையைப் பொரித்தேன்.
கிண்ணம் கழுவிக் கொடுக்கையில்,
குடிச்சுதோ?
ஒரு சொட்டு விடேல்லை.

ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் உறைந்த எலிக்குஞ்சுகள்.
அதன் உடம்பின் மொத்தத்தை மிஞ்சாத குஞ்சாய்ப் பார்த்து
இளஞ்சுடுநீரில் இளக்கி
இடுக்கியில் நீட்டவேண்டும்.
கிழமைக்கு ஒன்று.
விழுங்கினால் இரண்டு நாள் கைவைக்கக்கூடாது.
நானும் உண்ட களையில்
யாரோடும் பேசாத ஆள்,
அது எனக்கு விளங்கியது.

நாலாம் கிழமை தின்னவில்லை.
ஐந்தாவதும் இல்லை.
நள்ளிரவு ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்று
ஸில்கேக்குக் குரல் அனுப்பினேன்.
கண்ணைப் பார், என்று மட்டும் எழுதினாள்.
பார்த்தேன்.
அன்ரியின் பால் முழுக்க அங்கேதான் போய்த் தேங்கியதுபோல்
இரண்டும் வெள்ளை.
சட்டை கழற்றப் போகிறதாம்.
தொடாதே. ஈரத்துணி வை.
மாஜரின் பெட்டியில் ஓட்டை போட்டு
நனைத்த பழைய பெனியனை உள்ளே வைத்தேன்.
ஆறாம் நாள்
தலை முதல் வால்வரை கிழியாத ஒரே உறை.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்:
கண்மூடி இரண்டும் அதிலேயே இருந்தன.
அன்றிரவே தின்றது.

மார்கழி மழை.
உவர்மலை முழுக்கக் கரண்ட் இல்லை.
வேலையால் வந்து
வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றினேன்,
இம்முறை மற்றக் கரைக்கு.
பிறகு லாம்புச் சிமினிக்கு மேலே
உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு நின்றேன்.
இந்தக் கையோடு எதையும் தூக்கக்கூடாது.

கனநேரம் எடுத்தது.
வந்தது.
விரலில் தயங்கி, மணிக்கட்டில் தயங்கி,
முழங்கை மடிப்பில்,
ஊசி போடும்போது நரம்பு தேடுகிற இடத்தில்,
சுருண்டு நின்றுவிட்டது.
எட்டு வருசமாய் ஐஸுக்குள் நின்ற உடம்பு.
அதுவாகத் தேடி எடுத்தது.

பங்குனியில் வருகிறாளாம் ஸில்கே.
பதில் இன்னும் போடவில்லை.
மூடியைச் சாத்தி, இருட்டில்
தடவித் தடவி எண்ணினேன்.
நாலு கிளிப்.